அவர் வளர்த்த பேரல்

எனக்கு நாற்றம் ஆகாது. ஒரே கூரைக்குக் கீழ் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் எங்கள் தோட்டத்து லயத்தில் எந்த வீட்டில் கருவாடு பொரிகிறது, எந்த வீட்டில் ஈர விறகு புகைகிறது என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மனுஷன், பின்கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு நீலப் பிளாஸ்டிக் பேரலில் நாற்றத்தை வளர்த்தார். வளர்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வேளாவேளைக்கு அதற்குத் தீனி போட்டார். பனி கொட்டிப் புல்லெல்லாம் கருகும் மாதங்களில் என் பழைய கம்பளியை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டார்.

"எனக்கு எப்பவாச்சும் இப்பிடிப் போத்தி விட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஒனக்கு வாய் இருக்கு, கேட்டுக்குவ. அதுக்கு வாய் இல்லையே புள்ள" என்றார்.

எனக்கு வேலை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே நாள் முழுக்க என் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான்: கை கழுவு. பயிற்சி வகுப்புகளில் எங்களுக்குக் கிருமிக்குப் பல்லும் கொம்பும் வரைந்து படம் காட்டினார்கள். பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் துவண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அந்தப் படத்தை நான் முழுசாக நம்பினேன். கிருமி என்றால் கொல்ல வேண்டியது, அவ்வளவுதான். அதைச் சீனி போட்டு வளர்ப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எல்லாம் உரம் கிடைக்காமல் போன அந்த வருடத்தில் தொடங்கியது. உடப்புசல்லாவைப் பக்கத்தில் எங்களைப் போல லயத்துக்குப் பின்னால் துண்டு நிலத்தில் மரக்கறி போடுகிறவர்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். என் வீட்டுக்காரருக்குக் கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை. அந்தச் சம்பளத்தில் பானை கொதிக்கும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. மகளின் படிப்பு, வீட்டுத் தகரம், காதில் கிடக்கும் தோடு எல்லாமே அந்தத் துண்டு நிலத்து உருளைக்கிழங்கிலும் லீக்ஸிலும் இருந்து வந்தவைதான். அந்த வருடம் கிழங்குச் செடிக்கு வாடல் வேறு வந்தது. காலையில் பச்சையாக நிற்கும் செடி மத்தியானம் தலையைத் தொங்கப் போட்டுவிடும். தோண்டிப் பார்த்தால் கிழங்கு உள்ளே கூழாகியிருக்கும்.

அப்போது நுவரெலியாவிலிருந்து ஒரு விவசாய உத்தியோகத்தர் வந்து தோட்டத்து மண்டபத்தில் கூட்டம் வைத்தார். யாழ்ப்பாணத்துப் பெண். சின்ன வயதுதான், ஆனால் நிதானமாகப் பேசினார்.

"மண்ணில இருக்கிற எல்லாக் கிருமியும் கூடாதது இல்லை. சிலது வேரோட ஒட்டி இருந்துகொண்டு, அழுக வைக்கிற கிருமியை உள்ளுக்க விடாமல் காவல் பாக்கும். பயிர் வளரவும் அதுகள் சிலதைச் சுரந்து குடுக்கும்" என்றார். கடைசியில் முன்வரிசையில் இருந்த சிலருக்கு ஆளுக்கொரு சின்னப் போத்தல் கொடுத்தார். உள்ளே கஞ்சித்தண்ணீர் மாதிரி ஒன்று. இதைத் தண்ணீரில் கலந்து வேருக்கு விடச் சொன்னார்.

மற்றவர்கள் விட்டார்கள், போத்தலைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைத்தார்கள். என் ஆள் மட்டும் பாதியை மிச்சம் பிடித்துக்கொண்டு வந்தார். பாலுக்கு உறை ஊற்றித் தயிராக்குவது போல இதையும் பெருக்கிப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பேரலில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து, வடித்த கஞ்சியை விட்டு, சீனியைக் கரைத்து, அந்தப் பாதிப் போத்தலை ஊற்றி மூடிவைத்தார். சீனி விலை ஏறி, நாங்கள் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து நக்கிக்கொண்டு பாலில்லாத சாயத்தண்ணி குடித்த காலம் அது. பேரல் மட்டும் கரண்டி கரண்டியாகக் குடித்தது.

"ஒங்க சின்ன வீட்டுக்குச் சீனி பத்துதா, இன்னும் கொஞ்சம் தரவா?" என்று நான் கேட்பேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவர் கோபிக்க மாட்டார். "பெரிய வீடு சண்டை போடுது, சின்ன வீடு சத்தம் போடாம வேலை செய்யுது" என்பார்.

முதல் தடவை மூடியை இறுக்கிவிட்டதால் அது வெடித்து, பின்பக்கச் சுவரெல்லாம் தெறித்து, லயமே மூக்கைப் பிடித்தது. இரண்டாவது தடவை என்னவோ தப்பாகி, புழு நெளிந்தது. விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் மூடியைத் திறந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். மேலே சுருக்கம் சுருக்கமாக, காய்ச்சி ஆறிய பாலில் ஆடை படிவது மாதிரி ஒரு வெள்ளைத் தோல். "பாத்தியா, புடிச்சிருச்சு" என்றார். மகள் பிறந்தபோது கூட அவர் முகம் அப்படி இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாத்துட்டேன், மூடுங்க" என்றேன்.

அடுத்த போகத்தில் எங்கள் துண்டில் வாடல் குறைந்தது. அதற்கடுத்த போகத்தில் அங்கொன்று இங்கொன்றுதான். லீக்ஸ் தண்டு கை மொத்தத்துக்கு வந்தது. சிரித்தவர்களெல்லாம் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்கு வரத் தொடங்கினார்கள். அவர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. வாங்கிப் போனவர்கள் அதைப் பாத்தியில் ஊற்றினார்கள், யாரும் வீட்டில் வைத்து வளர்க்கவில்லை. அவரிடம்தான் இருக்கிறதே, தீர்ந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம். அதில் தப்புச் சொல்ல முடியாது. நாற்றத்தைத் தாங்க ஒரு வீடு போதாதா?

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நிலத்தைச் சுற்றி வருவார். எந்தச் செடி நன்றாக நிற்கிறதோ அதன் அடியில் விரலை விட்டு, வேரோடு ஒட்டிய மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வருவார். பூட்ஸைக் கழற்றாமல், அந்த மண்ணைக் கையில் ஏந்திக்கொண்டு, நான் துடைத்து வைத்த சிமெந்துத் தரையில் நேராக நடந்து பின்கதவுக்குப் போய்ப் பேரலில் போடுவார். சுற்றிப் போனால் காலே தேய்ந்துவிடும் போல. ஒவ்வொரு ஞாயிறும் அதற்கு ஒரு சண்டை. ஏன் போடுகிறீர்கள் என்று நான் கேட்டதே இல்லை, ஏன் தரையில் நடக்கிறீர்கள் என்று மட்டும்தான் கேட்டேன். கேட்டிருந்தாலும் அவருக்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மனசுக்குத் தோன்றியதைச் செய்கிற ஆள்.

மழைக்காலத்தின் நடுவே வெயிலடித்த ஒரு வாரத்தில் ஸ்டோருக்குப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மெலிந்த உடம்பு, குடி கிடையாது, ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. அவருக்கு இப்படி வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணம் வீட்டை விட்டுப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிடுவார்கள். வீட்டில் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர் அத்தனையையும், குடத்தில் இருப்பதோ வாளியில் இருப்பதோ, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வெளியே கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் பிடிப்பார்கள். சாவு வீட்டில் நின்ற தண்ணீர் ஆகாது. லயத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து எனக்காக அதைச் செய்தார்கள். நான் உள்ளே மகளை மடியில் போட்டுக்கொண்டு கிடந்தேன். பின்பக்கம் தண்ணீர் சளசளவென்று கழிவுநீர்க் காணில் ஓடும் சத்தம் கேட்டது. நாற்றம் கூட வந்திருக்கும். அன்றைக்கு என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. பேரலைச் சாய்த்துக் கொட்டி, சவர்க்காரத்தூள் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்னொரு வீட்டில் சாவு விழுந்திருந்தால் நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதைத்தான் செய்திருப்பேன்.

அது போய்விட்டது என்று எனக்கு உறைத்தது மறுபடி கிழங்கு நட்டபோதுதான். செடி முழங்கால் உயரம் வந்ததும், பக்கத்து வீட்டு அக்கா வாளியோடு பின்கதவில் வந்து நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் கவிழ்ந்து கிடந்த பேரலைப் பார்த்தார். "ஐயோ, நாங்கதானே கொட்டுனோம்" என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குந்தி அழுதார். நான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

அந்தப் போகம் வாடல் திரும்பி வந்தது. நோட்டன் பிரிட்ஜிலிருந்து என் கொழுந்தன் பஸ் ஏறி வந்தார், என் வீட்டுக்காரரின் தம்பி. அண்ணி தனியாகத் திண்டாடுகிறாள் என்று தாங்க முடியாமல் வந்தவர். நல்ல மனசு. தம் சொந்தக் காசில் கடுமையான மருந்து வாங்கி வந்து, நிலம் முழுக்க மண் ஊற ஊற விட்டார். "இனி ஒரு பூச்சி புழு இருக்காது அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார். இருக்கவில்லைதான். மண்புழு கூட வெளியே வந்து செத்துக் கிடந்தது. நோய் மட்டும் அடுத்த மழையோடு மறுபடி தலைகாட்டியது.

அப்போதுதான் எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. கிழங்குக்காக என்று மற்றவர்களிடம் சொன்னேன். கிழங்குக்காகவும்தான். ஆனால் உண்மை வேறு. அந்த மனுஷன் இந்த உலகத்தில் தன் கையால் உண்டாக்கி உயிரோடு வைத்திருந்தது, மகளைத் தவிர, அந்தப் பேரல் ஒன்றுதான். அதை எப்படியாவது திரும்ப எழுப்ப வேண்டும் என்று நினைத்தேன். நாற்றம் சகிக்காத நானே அந்த நாற்றத்துக்கு ஏங்கினேன். காலையில் பின்கதவைத் திறக்கும்போது வெறும் மழை வாசம் வரும்.

நுவரெலியாவுக்குப் போய் அந்த உத்தியோகத்தரைத் தேடிப் பிடித்தேன். அவருக்கு என் வீட்டுக்காரரை ஞாபகம் இருந்தது. "கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாரே, அவரா?" என்று கேட்டு, செய்தி தெரிந்ததும் எழுந்து அலுமாரியைத் திறந்தார். பிறகு ஒரு போத்தல் தந்தார். நான் பேரலை எடுத்து வைத்து, என் வீட்டுக்காரர் செய்தபடியே கஞ்சியும் சீனியும் விட்டு வளர்த்தேன். ஆடை படிந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். அந்த மணம் இல்லை. வேறு ஏதோ புளிப்பு. செடிக்கு விட்டேன், கொஞ்சம் கேட்டது, பாதி செடி வாடியது. என் கைராசிதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி அந்த உத்தியோகத்தரிடம் போனேன்.

அவர் என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன தண்ணீர், எவ்வளவு சீனி, எத்தனை நாளைக்கு ஒருமுறை. கடைசியாக, "வேற ஏதும் போட்டவரோ?" என்றார்.

"வேற ஒண்ணும் இல்லைங்க. மண்ணுதான் போடுவாரு" என்றேன். ஞாயிற்றுக்கிழமைக் கூத்தைச் சொன்னேன். நல்ல செடியின் வேர்மண், பூட்ஸ், தரை, சண்டை எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, அப்ப அவரிட்ட இருந்தது நான் குடுத்தது இல்லை. நான் குடுத்தது எப்பவோ அழிஞ்சிருக்கும். நல்லாத் தாக்குப்பிடிச்ச செடியின்ர வேரில இருந்து எடுத்து எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த நிலத்துக்கே பழகின கிருமி அது. ஒவ்வொரு கிழமையும் கெட்டிக்காரரை மட்டும் பொறுக்கி எடுத்த மாதிரி. அதை நான் எத்தனை போத்தல் தந்தாலும் திருப்பித் தரேலாது."

எங்கள் நிலத்திலிருந்தும், வாளியில் வாங்கிப் போனவர்களின் பாத்திகளிலிருந்தும் மண் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். சில நாள் கழித்துக் கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். ஏதேதோ புள்ளிகள் இருந்தன, தேடியது எதிலும் இல்லை, மற்றவர்கள் பாத்தியில் அது நிலைக்கவில்லை என்றார். கொழுந்தன் விட்ட மருந்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார். எழுந்து வரப்போனவளை அவர் மறித்தார்.

"இருங்கோ, இன்னும் ஒண்டு இருக்கு. அந்த மருந்து படாத இடத்தில இந்த வகைக் கிருமி லேசில சாகாது. ஈரம் காய்ஞ்சால் விதை மாதிரி ஒடுங்கிப் படுத்திடும். தண்ணியும் தீனியும் கிடைச்சால் திரும்ப எழும்பும். வருஷக்கணக்காக் கூடக் கிடக்கும். அவர் பாவிச்ச சாமான் ஏதும் கழுவாமல் கிடக்கோ? மண்வெட்டி, சாக்கு, பூட்ஸ், எதெண்டாலும். காய்ஞ்ச மண் ஒரு நகக்கண் அளவு போதும். நான் எழுப்பிப் பாக்கிறன்."

வீட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். மண்வெட்டியைக் கழுவி எண்ணெய் தடவிச் சாத்தியிருந்தேன். சாக்குகளைத் துவைத்து மடித்திருந்தேன். பேரல் கலக்கும் கம்பு அடுப்புக்குப் போயிருந்தது. சட்டை, சாரம் எல்லாம் சுடுதண்ணீரில் ஊறி, வெளுத்து, இஸ்திரி போட்டுப் பெட்டியில் இருந்தன. பூட்ஸ் மட்டும் வீட்டில் இல்லை. காரியம் முடிந்த அன்று, உடன்பிறந்தவர் போட்டுக்கொள்ளட்டும் என்று கொழுந்தனுக்குக் கொடுத்திருந்தேன். அதையும் கழுவித்தான் கொடுத்தேன். ஆனாலும் ரப்பர் பூட்ஸ் அல்லவா, அடிப்பள்ளத்தில், மடிப்பில், எங்காவது ஒரு துளி ஒட்டிக்கொண்டிருக்காதா என்று ஒரு நப்பாசை. அந்த அலுவலகத்து வாசலில் நின்றே கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, அண்ணன் பூட்ஸ் இருக்கா?"

"இருக்கு அண்ணி, பத்திரமா இருக்கு."

"போடுறீங்களா?"

"என்னா அண்ணி இப்பிடிக் கேக்குறீங்க? அண்ணன் சாமானை நான் சேத்துல போட்டு மிதிப்பனா? நீங்க குடுத்த மாதிரியே பேப்பர் சுத்தி அலுமாரி மேல வச்சிருக்கேன். எடுத்துப் பாத்தேன், உள்ள வெளிய ஒரு பொட்டு மண்ணு கெடையாது. கடையில வாங்குன மாதிரி இருக்கு" என்றார். குரலில் பெருமை.

"நல்லதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பூட்ஸ் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரை எடுத்துக்கொண்டு போனபோது நான் அழவில்லை. எல்லோரும் அழு அழு என்று உலுக்கினார்கள், எனக்கு வரவில்லை. மறுநாள் பின்கதவுக்கு வெளியே அது கிடப்பதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சேறு அதில் காய்ந்து வெடித்திருந்தது. அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டபோதுதான் அழுகை வந்தது. இனி யாரோடு சண்டை போடுவேன் என்று கேட்டுக்கொண்டே தேய்த்தேன். பல் தீட்டும் பிரஷ்ஷை எடுத்து மடிப்பெல்லாம் தேய்த்தேன். அடியில் கோடு கோடாக இருக்கும் பள்ளங்களில் இறுகிப்போன மண்ணை ஒரு கொண்டை ஊசியால் கிளறிக் கிளறி எடுத்துக் காணில் விட்டேன். தண்ணீர் தெளிவாக ஓடும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு ஆசையாக, அவ்வளவு சுத்தமாக, என் வாழ்நாளில் நான் எதையும் கழுவியதில்லை.